நகராத ரப்பர் வளையம்

ஸ்பிரிங்காரரால் ஒரு வளைவில்கூட வேகமாகத் திரும்ப முடியாது. இடது காதுக்குள் ஏதோ கோளாறு. நாற்பது வயதை ஒட்டி வந்தது, பிறகு போகவில்லை. தலையைச் சட்டென்று திருப்பினால் தரை ஒரு பக்கமாகச் சரியும், சுவர் கூடவே நகரும். எதையாவது பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். வண்டி ஓட்டலாம், ஆனால் நேராகவும் மெதுவாகவும் மட்டும் என்று காது டாக்டர் சொல்லியிருந்தார். "நேரா மட்டுமே போற ரோடு எங்க டாக்டர் இருக்கு? சொன்னீங்கன்னா அங்கயே குடி போயிடறேன்" என்று இவர் கேட்டாராம்.

அவருடைய தொழிலோ வளைவுகளை நம்பி நடப்பது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். எஞ்சின் வேலைக்கு அங்கே இடமில்லை. "எஞ்சின் கெட்டுப்போனா வண்டி நிக்கும், அவ்வளவுதான். கீழ் வேலை கெட்டுப்போனா நிக்காது" என்பார். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், சக்கரத்தை உடலோடு பிணைக்கும் இரும்புக் கைகள், அந்தக் கைகளின் மூட்டுகளில் செருகியிருக்கும் ரப்பர் புஷ்கள். இவற்றைத் தாண்டி அவர் போனதில்லை. ஷெட்டின் தரையில் நான்கு சக்கரங்கள் நிற்க வேண்டிய நான்கு இடங்களையும் தண்ணீர்க் குழாய் பிடித்து மட்டம் பார்த்து அவரே பூசியிருந்தார்.

ஒரு வழக்கத்தை அவர் விட்டதே இல்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி எந்த போல்ட்டைப் போட்டாலும், கடைசி முறுக்கு மட்டும் வண்டியைத் தரையில் இறக்கி அதன் முழுப் பாரமும் சக்கரங்களில் விழுந்த பிறகுதான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முடுக்கிவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் முறுகிய நிலையிலேயே காலம் தள்ளும்; சீக்கிரம் கிழியும். அவசரப்படுத்துகிறவர்களிடம், "தொங்குற காலுக்கு எவனாவது செருப்பு அளவு எடுப்பானா?" என்று கேட்டுவிட்டு, தலையைத் திருப்பாமல் மெல்ல மல்லாந்து வண்டிக்கு அடியில் போய்விடுவார். பெரிய திறமைசாலி என்று அவரைச் சொல்வதற்கில்லை. அவரிடம் இருந்தது பொறுமை. இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அவருமே அப்படி நினைத்திருக்கலாம்.

ஷெட்டின் மூலையில் அவருடைய சொந்த வண்டி நின்றது. இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. சிவப்பாக இருந்து செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அதை வைத்திருந்தவர் தூர தேசம் போகும்போது, "உன்கிட்டயாவது ஓடட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வந்த நாளில் அது வளைவுகளில் படகு மாதிரி சாய்ந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. ஸ்பிரிங்காரர் அதை ஒரு நோயாளியைப் போல ஏற்றுக்கொண்டார். பிய்ந்துபோன ரப்பர்களையெல்லாம் மாற்றினார். ஷாக் அப்சார்பர்களைப் பிரித்து அடர்த்தியான எண்ணெய் ஊற்றிக் கட்டினார். ஒரு விரல் அளவு உயரம் குறையும்படி புது ஸ்பிரிங் சுருட்டி வாங்கினார். இத்தனையும் வார நாட்களில், வாடிக்கையாளர்களின் வண்டிகள் போன பிறகு. சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை.

பார்ப்பது அவரல்ல, அவருடைய மைத்துனன்.

மனைவியின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வேனில் வரும் பிள்ளைகள் அவனை 'ஆமை அங்கிள்' என்று கூப்பிட்டார்கள். அதில் அவனுக்குப் பெருமைதான். "வாரம் பூரா ஆமை, மாமா. ஞாயித்துக்கிழமை மட்டும் புலி" என்று சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொல்வான். ஸ்பிரிங்காரர் முன் டயர்கள் இரண்டின் வெளி ஓரத்திலும் சாக்பீஸால் குறுக்காகக் கோடுகள் போடுவார். வளைவில் வேகமாகத் திரும்பும்போது டயர் மடங்கி அந்த ஓரம் தரையில் தேயும், கோடு அழியும். எவ்வளவு தூரம் அழிந்திருக்கிறது என்பதிலிருந்து வண்டி எவ்வளவு சிரமப்பட்டது என்று தெரியும். மைத்துனன் ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வர வேண்டும். ஏரி எப்போதும் வலது கைப்பக்கம் இருக்கும். ஆகவே வளைவெல்லாம் வலது வளைவுதான்.

அவன் திரும்பி வந்ததும் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"என்ன மாப்ளே, முன்பக்கம் இன்னும் வெளிய தள்ளுதா?"

"தள்ளுது மாமா. கொஞ்சமா."

"போன வாரத்தை விடக் கம்மிதானே?"

"ஆமா ஆமா, கம்மிதான்."

"எங்க தள்ளுது? பம்ப் ஹவுஸ் வளைவுலயா?"

"அங்கயேதான். நான் சொல்ல வாயெடுத்தேன், நீங்களே சொல்லிட்டீங்க!"

இதைக் கேட்கும்போது ஸ்பிரிங்காரர் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு கைகளும் தாமாகவே லேசாக உயர்ந்து, இல்லாத ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பும். அப்போது அவருக்குத் தலை சுற்றியதே இல்லை.

நாம் தெரிந்து வைத்திருப்பதில் பெரும் பகுதி பிறர் வாய் வழியாக வந்ததுதான். நெருப்பு சுடும் என்பதை வேண்டுமானால் தொட்டுத் தெரிந்துகொண்டிருப்போம். நாம் பிறந்த நாளையே யாரோ சொல்லித்தான் நம்புகிறோம். சொல்கிறவர் பார்த்தவராக இருக்க வேண்டும், பார்த்ததைச் சொல்பவராக இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் வெளியாட்களிடம் சோதிக்கிறோம். வீட்டு மனிதர்களிடம் சோதிப்பதில்லை. சோதித்தால் அதற்குப் பெயர் வீடு இல்லை.

மைத்துனன் சொன்னதை வைத்து ஸ்பிரிங்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். வளைவில் முன்பக்கம் திரும்பாமல் வெளியே தள்ளுகிறது என்றால் பின்பக்கத்தை விறைப்பாக்க வேண்டும். தொழிற்சாலையில் அந்த வண்டிக்குப் பின்னால் ஸ்டெபிலைசர் கம்பி வைத்திருக்கவில்லை. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து வண்டியைச் சாயவிடாமல் பிடிக்கும் கம்பி அது. அவரே ஒன்று வளைத்துப் பொருத்தினார். அதன் முனையில் மூன்று துளைகள். முதல் துளையில் மாட்டினால் இளக்கம், மூன்றாவதில் மாட்டினால் விறைப்பு. ஞாயிறு ஞாயிறாக, மைத்துனனின் 'ஆமா'வைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து மூன்றாவதற்கு வந்து சேர்ந்தார். ஒரு நாள் அவன், "இப்ப தள்ளல மாமா. ஒட்டிக்கிட்டுப் போகுது" என்றான். அன்றைக்கு மதியம் ஸ்பிரிங்காரர் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அதன் பிறகுதான் பல் டாக்டர் வந்தார். இரண்டு தெரு தள்ளி கிளினிக் வைத்திருக்கும் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பா விட்டுச்சென்ற சாம்பல் நிற வண்டி, அதே மாடல். விடுமுறைகளில் மலைச்சாலையில் ஓட்டுவதுதான் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் என்று அவரே சொன்னார். "உங்க வண்டி மாதிரியே பண்ணிக் குடுங்கண்ணே" என்றார். ஸ்பிரிங்காரர் அப்படியே செய்து கொடுத்தார். அதே கம்பி, அதே மூன்றாவது துளை. "மூணாவது ஓட்டைலயே இருக்கட்டும் டாக்டர். நாங்க ஓட்டி ஓட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சது" என்றார். 'நாங்க' என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை அவருக்கு வேறொரு யோசனை வந்தது. சிவப்பு வண்டியின் முன் ஸ்பிரிங்கைச் சற்று மிருதுவாக்கினால் என்ன? அதற்கு, வளைவில் ஷாக் அப்சார்பரின் தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று தெரிய வேண்டும். ஷாக் அப்சார்பர்களை எப்படியும் கழற்றியிருந்தார். மாட்டும்போது இரண்டு தண்டுகளிலும் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றைச் செருகினார். தண்டு உள்ளே போகப் போக வளையம் மேலே தள்ளப்படும். தண்டு வெளியே வந்த பிறகும் வளையம் தள்ளப்பட்ட இடத்திலேயே நிற்கும், வெள்ளம் வடிந்த பின் சுவரில் நிற்கும் கறை மாதிரி. இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மறுநாள் மைத்துனன் உள்ளே அக்காவிடம் டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது வளையங்களைக் கீழே இறக்கிவைத்து, டயர்களில் சாக்பீஸ் கோடுகளையும் போட்டு முடித்துவிட்டார்.

அவன் போனான். வந்தான். கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டான்.

"இன்னைக்கு ஒரு பிடி பிடிச்சேன் மாமா! பம்ப் ஹவுஸ் கிட்ட டயர் கத்துச்சு பாருங்க, தண்ணியில இருந்த கொக்கெல்லாம் எந்திரிச்சுப் போயிடுச்சு."

ஸ்பிரிங்காரர் சிரித்துக்கொண்டே டயரைப் பார்த்தார். சாக்பீஸ் சுத்தமாக அழிந்திருந்தது. சந்தோஷமாக டார்ச்சை எடுத்து, சக்கரத்துக்கு மேல் இருந்த இடுக்கில் வெளிச்சம் விட்டார். இடது வளையம் ஒரு நெல்மணி அகலம்கூட நகரவில்லை. மெல்ல எழுந்து, மெல்லச் சுற்றி வந்து, வலது பக்கம் பார்த்தார். அங்கும் அதே அளவு. வண்டி வலது பக்கம் வேகமாகத் திரும்பியிருந்தால் பாரம் இடது பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லை. வளையம் சிக்கிக்கொண்டதோ என்று விரலால் தள்ளினார். வழவழவென்று போனது. அதைத் திரும்ப இறக்கிவைத்துவிட்டு, வண்டியின் மூலையில் இரண்டு கைகளையும் ஊன்றித் தன் பாரம் முழுவதையும் போட்டு ஒரு அழுத்து அழுத்தினார். மறுபடி பார்த்தார். மூன்று சுற்று ஓடி வந்த வண்டியை விட அவருடைய கை வளையத்தை அதிகமாக நகர்த்தியிருந்தது.

பிறகு சாக்பீஸ் இருந்த இடத்தை நெருங்கிப் பார்த்தார். ரோட்டில் தேய்ந்த ரப்பர் சொரசொரப்பாக, மணல் ஒட்டி இருக்கும். இது பளபளவென்று இருந்தது. மைத்துனனுடைய கால்சட்டையின் தொடைப்பக்கத்தில் வெள்ளையாக நாலு விரல் அடையாளம்.

"என்ன மாமா, அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. டீ குடிச்சியா?"

"அப்பவே குடிச்சேனே."

"இன்னொண்ணு குடி" என்று சொல்லிவிட்டு ஸ்பிரிங்காரர் வீட்டுக்குள் போனார்.

மனைவி அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி வண்டியை ஓட்டவே இல்லம்மா" என்றார்.

அவள் திரும்பவில்லை. "சொல்லிட்டானா?" என்றாள்.

கத்தி நின்றது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வளையம் ஒருவனைத்தான் காட்டிக்கொடுத்திருந்தது. இந்த ஒற்றைச் சொல் மிச்சத்தையும் காட்டிவிட்டது. ஸ்பிரிங்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தேங்க." அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். "மூணாவது வாரமோ நாலாவது வாரமோ. பம்ப் ஹவுஸ் கிட்ட வண்டி சுத்திப் புல்லுல போய் நின்னுடுச்சாம். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. வந்து இந்தப் படியில உக்காந்தான், தண்ணி டம்ளரைப் பிடிக்க முடியல. ரெண்டு புள்ளைங்க இருக்கு அவனுக்கு. நான்தான் சொன்னேன். இனிமே வேகமா போகாத, மாமா கேட்டா எதையாவது சொல்லிக்கன்னு."

"எதையாவது."

"நீங்க கேக்குறதுக்கு ஆமான்னா போதுமாம். எல்லாத்தையும் நீங்களே சொல்லிடுவீங்களாமே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா? நீங்களே ஏறி உக்காந்திருப்பீங்க. அந்தக் காதை வச்சுக்கிட்டு. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

பல நாள் யோசித்து வைத்த பதில் மாதிரி அது அவள் வாயிலிருந்து வந்தது. யோசித்துத்தான் வைத்திருப்பாள். இந்த அடுப்படியில், இதே கத்தியோடு, தம்பியும் அக்காவுமாக எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவரைப் பற்றிப் பேசியிருப்பார்கள்? வெளியே அவர் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் உள்ளே அந்தப் பேச்சு நடந்திருக்கிறது.

மைத்துனன் வாசலில் வந்து நின்றான். கையில் காலி டம்ளர்.

"டயர் கத்துச்சுன்னியே" என்றார் ஸ்பிரிங்காரர். "அது எப்படிக் கத்தும்? நீ கத்தினியா?"

"மாமா..."

"கொக்கு எந்திரிச்சுப் போச்சுன்னியே. அதாவது நெசமா?"

"கொக்கு இருந்துச்சு மாமா" என்றான் அவன், பரிதாபமாக. "ஒரு சுத்து மெதுவாப் போயிட்டு பம்ப் ஹவுஸ் கிட்ட நிறுத்திடுவேன். மூணு சுத்து நேரம் ஆகணும்ல. உக்காந்து தண்ணியப் பாத்துட்டு இருப்பேன். அப்பதான் சாக்பீஸைத் துடைப்பேன். ஞாயித்துக்கிழமை உங்க முகமே வேற மாதிரி இருக்கும் மாமா. அதைப் போய்க் கெடுக்க மனசு வரல."

அந்த நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஸ்பிரிங்காரருக்குத் தெரியும். ஷெட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காதை ரோட்டுப் பக்கம் வைத்து, இப்போது இரண்டாவது சுற்று, இப்போது பம்ப் ஹவுஸ் என்று மனசுக்குள் கூடவே ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் மட்டும்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

வெளியே தூறல் விழும் சத்தம் தகரத்தில் கேட்டது. அப்போதுதான் சாம்பல் வண்டி நினைவுக்கு வந்தது. பின்பக்கம் அளவுக்கு மீறி விறைத்த வண்டி ஈர வளைவில் பின்னால் வழுக்கிச் சுற்றிவிடும்.

சட்டென்று எழுந்தார். தரை சரிந்தது. சுவரைப் பிடித்தார். மனைவி தோளைப் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கண்ணை மூடி நின்று, அறை தன் இடத்துக்குத் திரும்பும் வரை காத்திருந்தார்.

"எங்க மாமா போகணும்? நான் கொண்டு விடறேன்."

"நடந்தே போயிக்கிறேன்" என்றார்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பல் ஞாபகம் வரும். கிளினிக்கில் நாலைந்து பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நனைந்த சட்டையோடு வந்தவரைப் பார்த்து மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்.

"எந்தப் பல்லுங்க?"

"பல்லு இல்லம்மா, வண்டி."

"வண்டிக்கெல்லாம் இங்க பாக்கறதில்லீங்க" என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

குரல் கேட்டு டாக்டர் முகமூடியோடு எட்டிப் பார்த்தார். "அண்ணே! என்ன, வீங்கியிருக்கா?"

"டாக்டர், இன்னைக்கு அந்த வண்டியை எடுக்காதீங்க. மழையில எடுக்கவே எடுக்காதீங்க."

உள்ளறையில் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. மூன்றாவது துளையை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை, என் வீட்டில் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பொய்யை அளவெடுத்துத்தான் உங்கள் வண்டியில் மாட்டினேன் என்றார். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவர் கண்களை மட்டும் உருட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

டாக்டர் முகமூடியைக் கீழே இழுத்தார். "அப்ப அது என் கால் இல்லையா?"

"எது?"

"போன மழையில, வளைவு நடுவுல ஆக்சிலரேட்டர்லேருந்து காலை எடுத்தேன். பின்னாடி இருந்தது முன்னாடி வந்து நின்னுச்சு. எதிர்ல யாரும் வரல, அதனால இங்க நிக்கிறேன். அதுலேருந்து அந்த ரோட்டுல மாட்டு வண்டி மாதிரிதான் போறேன். எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நினைச்சேன்."

"நான் உங்ககிட்ட கேட்டேனே டாக்டர்."

"நீங்க எங்கண்ணே கேட்டீங்க? 'பின்பக்கம் ஆணி அடிச்ச மாதிரி நிக்குதுல்ல?' அப்படின்னீங்க. நான் என்ன சொல்ல? நீங்க அத்தனை தடவை ஓட்டிப் பாத்துப் பண்ணினது. இல்லன்னா என் கால்தான் தப்புன்னு ஆகும். சூப்பர்னு சொல்லிட்டுப் போயிட்டேன்." ஒரு கணம் நிறுத்தி, "உங்க மச்சான் மேல எனக்குக் கோபம் வருது. உங்க மேலயும்தான், கொஞ்சம்" என்றார்.

"வரட்டும்" என்றார் ஸ்பிரிங்காரர்.

படுத்திருந்தவர் ஏதோ சொல்ல முயன்றார். "நீங்க வாயை மூடாதீங்க" என்று டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

மறுநாள் இரண்டு வண்டிகளிலிருந்தும் அந்தக் கம்பியைக் கழற்றினார். ஷெட் சுவரில் இரண்டு ஆணிகளில் இரண்டும் தொங்கின. மைத்துனன் வந்து பிடித்துக்கொண்டான், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலைக்குத் தேவையான சொற்கள் மட்டும் இருவருக்கும் நடுவில் போய் வந்தன.

அடுத்து வந்த வறண்ட ஞாயிறு ஒன்றில் டாக்டர் சிவப்பு வண்டியை ஏரிக்கு எடுத்துப் போனார். திரும்பி வந்ததும் ஸ்பிரிங்காரரின் வாய் பழக்கத்தில் திறந்தது. முன்பக்கம் என்று ஆரம்பிக்கப் போனவர், உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். அது அவருக்கு எவ்வளவு கடினம் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்தது.

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?" என்றார் டாக்டர்.

"நீங்களே சொல்லுங்க."

"மோசம்ணே. முன்பக்கம் நல்லா இருக்கு, சொன்னபடி கேக்குது, வெளிய தள்ளவே இல்ல. பின்னாடிதான். பம்ப் ஹவுஸ் வளைவுல ஒரு மேடு இருக்குல்ல? அதுல ஏறினதும் பின் சக்கரம் தரையை விட்டு எம்புது. கீழ வரும்போது வேற இடத்துல வருது."

ஸ்பிரிங்காரர் கண்ணை மூடினார். கைகள் உயரவில்லை. பின் ஷாக் அப்சார்பரில் ஊற்றிய எண்ணெய் அளவுக்கு மீறி அடர்த்தி. ஸ்பிரிங் குதிக்கச் சொல்கிறது, ஷாக் அப்சார்பர் சக்கரத்தைத் திரும்பத் தரைக்கு விடாமல் பிடித்து வைக்கிறது. சாதாரணக் குறை, கழற்றி, எண்ணெய் மாற்றிக் கட்டினால் தீரும். மைத்துனன் சுற்றிப் புல்லில் போய் நின்றதும் இதே இடத்தில், இதே காரணத்தால்தான். அன்றைக்கு அவன் படியில் வந்து உட்கார்ந்திருந்தபோது, அந்த வண்டி முதல் தடவையாகத் தன் நோயைச் சொல்லியிருந்தது. அது அவரிடம் வந்து சேர்வதற்குள் உள்ளேயே அமுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக அவர் கையில் கொடுக்கப்பட்டது அவருடைய ஊகமே. அந்த வண்டிக்கு இல்லாத ஒரு நோய்க்கு அவர் வருஷக்கணக்கில் மருந்து கொடுத்திருக்கிறார்.

அன்பினால் செய்தார்கள் என்று அவருக்குத் தெரியும். அதை அவர் மறுக்கவும் இல்லை. ஆனால் அன்பு, அவரை உண்மையைத் தாங்க முடியாத ஆளாக எடுத்துக்கொண்டிருந்தது. குழந்தையிடம் நடந்துகொள்வது போல அவரிடம் நடந்திருக்கிறார்கள். குழந்தைக்காவது ஒரு நாள் வளர்ந்ததும் சொல்லிவிடுவார்கள்.

வீட்டில் பெரிதாக எதுவும் மாறவில்லை. பேச்சு நிற்கவில்லை, சாப்பாடு நிற்கவில்லை. ஒரு நாள் மனைவிக்குத் தலைவலி. "மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். "போட்டேங்க" என்றாள். தண்ணீர் குடிக்கப் போனவர், அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழி காலியாக இருந்தது. அட்டையை வைத்துவிட்டுத் திரும்பினால் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவர் தண்ணீர் குடிக்க மறந்துவிட்டார்.

பின் ஷாக் அப்சார்பர்களைப் பிரித்துக் கட்டி முடித்தார். கடைசி முறுக்கை வண்டியைத் தரையில் இறக்கித்தான் போட்டார். பிறகு முன்பக்க ரப்பர் வளையங்களையும் கீழே இறக்கிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வரத் தாமதமானது. மைத்துனன் ஷெட் வாசலில், உள்ளே வரலாமா வேண்டாமா என்பது போல நின்றான்.

"மாமா, பெட்ரோல் கம்மியா இருக்கு. டாக்டர் வர்றதுக்குள்ள போட்டுட்டு வந்துடவா?"

ஸ்பிரிங்காரர் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவன் அதை விரலில் சுற்றவில்லை.

அவன் போய் வந்தபோது இவர், டாக்டர் வேலைக்கு விட்டுப் போயிருந்த சாம்பல் வண்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக்கொண்டிருந்தார். எஞ்சின் அணைந்த பிறகும் கதவு திறக்கவில்லை. அவன் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். எத்தனையோ ஞாயிறுகளாக இந்த இடத்தில் ஒரு கேள்வி வந்திருக்கிறது, அதற்காகக் காத்திருந்தான். வரவில்லை. கடைசியில் இறங்கி வந்தான்.

"மாமா, மெதுவாத்தான் போனேன். ஏரிப்பக்கம் போகவே இல்ல. பெட்ரோல் போட்டேன், வந்துட்டேன்."

அது உண்மை. அவன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். ஸ்பிரிங்காரரும் பார்த்தார், நல்ல முகம்தான், அக்காவின் சாயல். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு, தலையை அசைக்காமல் மெல்லக் குனிந்து, சிவப்பு வண்டியின் சக்கர இடுக்கில் வெளிச்சம் விட்டார். இடது பக்கம் பார்த்தார். சுற்றி வந்து வலது பக்கமும் பார்த்தார்.

"ஆமா" என்றார். "மெதுவாத்தான் போயிருக்க."

மைத்துனன் சாவியை மேஜை மேல் வைத்தான்.